செய்திக்குறிப்பு எண் 214

வெளிப்பாளையத்தில் வீடு பார்க்கப் போனபோது
வீட்டுக்காரம்மா கேட்டார், என்ன வேலை?
மக்கள் தொடர்பு அலுவலர் என்றேன்.
உள்ளே போய்
மூன்று மாதமாய் வராத முதியோர் பென்ஷன் தாளை
எடுத்து வந்து என் கையில் வைத்தார்.
வாடகையில் ஐந்நூறு குறைந்தது.
பென்ஷன் வரவில்லை.
ஐந்நூறு மறுபடி ஏறிவிட்டது.

கொழுந்தனுக்கு இது பூச்சுவேலை.
"விரிசல் விட்ட சுவத்துல சிமென்ட் பால் அடிக்கிறது அண்ணி."
ஒரு கல்யாணத்தில் நாத்தனார் என்னை அறிமுகப்படுத்தியது இப்படி:
மந்திரி வந்த படத்துல, மாலைக்கும் மைக்குக்கும் நடுவுல
அரை முகமாத் தெரிவாளே, அவதான்.
சரிதான், அரை முகம்.
மீதி அப்போது
ஜெனரேட்டருக்கு வயர் தேடிக்கொண்டிருக்கும்.

ஆனி மாதம்.
பொறியாளர் போனில் சொன்னார்:
கடைமடைக்குத் தண்ணீர் சேர்ந்துடுச்சு, போட்டுடுங்க.
வழக்கமாய்ப் போட்டுவிடுவேன்.
அன்று என்னவோ
உத்திராபதியை ஜீப்பை எடுக்கச் சொன்னேன்.

தலைஞாயிறுப் பக்கம் அரிச்சந்திரா ஆறு.
பெயரைக் கவனியுங்கள்.
பொய் சொல்ல மாட்டேன் என்று
பெண்டாட்டி பிள்ளையை விற்றுச் சுடலை காத்தவன் பேரில் ஓர் ஆறு.
அதன் கரையில்
பொய்க்குச் சம்பளம் வாங்குவதாக ஊர் நம்பும் ஒருத்தி.
ஆற்றில் ஈரமே இல்லை.
வாய்க்கால் நடுவே ஒரு நாய் நிழல் பார்த்துப் படுத்திருந்தது.
நேரடி விதைப்பு வயலில்
முளை விரற்கடை எழும்பி
நுனி கருகி நின்றது.
"படம் எடுக்கவா? எடுத்துக்குங்க.
தண்ணியை நீங்களே பாட்டில்ல கொண்டாந்திருப்பீங்களே"
என்றார் பக்கிரிசாமி.
உத்திராபதி சிரித்தான். நானும்.

திரும்பி வந்து ஒரு விகுதியோடு மல்லுக்கட்டினேன்.
சேர்ந்தது என்றால் பொறியாளருக்கு நிம்மதி.
சேரும் என்றால் யாருக்கும் வலிக்காது.
வந்துகொண்டிருக்கிறது என்று ஒன்று இருக்கிறது,
எங்கள் தொழிலின் வெற்றிலைப்பாக்கு,
எவருக்கும் நீட்டலாம்.
அழித்து அழித்து
இரவு ஒன்பது மணிக்கு அடித்தேன்:
கடைமடைக்குத் தண்ணீர் இன்னும் சேரவில்லை.
மேலதிகாரி இரண்டு முறை படித்தார்,
கண்ணாடியைக் கழற்றினார்,
கையெழுத்துப் போட்டார்.
தூக்கக் கலக்கமா துணிச்சலா, இன்றுவரை கேட்கவில்லை.

காலையில் ஏழாம் பக்கத்து மூலை.
நகைக்கடன் ஏல அறிவிப்புக்குக் கீழே நான்கு வரி.
பக்கிரிசாமி அதை டீக்கடையில் உரக்கப் படித்தாராம்:
"இவங்களே வரலைன்னு சொல்றாங்கன்னா
தண்ணி வந்திருக்கு.
எங்கேயோ மறிச்சு வச்சிருக்காங்க."

நாற்பது பைக். டார்ச். அரிவாள்.
கரையோடு மேற்கே போனார்கள்.
இரண்டாவது மதகில்
மறித்திருந்தது ஆள் இல்லை, ஆகாயத்தாமரை.
ஒரு பர்லாங்குக்குப் பாய் விரித்து
ஊதாப் பூவும் வைத்திருந்தது.
அதன் முதுகுக்குப் பின்னே, நிசமாகவே, தண்ணீர்.
விடிய விடிய அறுத்தார்கள்.

மூன்றாம் நாள் வந்தது,
முன்னால் நுரையும் சருகும் ஒற்றைச் செருப்புமாக.
வெடிப்புக்குள் இறங்கும்போது
யாரோ அவசரமாய்க் குடிக்கிற சத்தம்.
பக்கிரிசாமி சேற்றுக் கையோடு கும்பிட்டார்.
"நீங்க மட்டும் அந்தப் பொய்யைப் போடலேன்னா
நாங்க கிளம்பியிருக்க மாட்டோம்மா."

அது பொய் இல்லை என்று வாயெடுத்தேன்.
அதற்குள் அவர் மடை திறக்கப் போய்விட்டார்.
தண்ணீர் என் செருப்புக்குள் ஏறியது.

எண் 217 ஒரே வரி: சேர்ந்தது.
எந்தப் பத்திரிகையும் போடவில்லை.
பழைய செய்தி மேடம் என்றார் நிருபர் ஜபருல்லா,
பொறியாளர் போன வாரமே
வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாராம்.

ஈரக் காலோடு படியேறினேன்.
வாசலில் வீட்டுக்காரம்மா, பென்ஷன் என்னாச்சு?

வந்துகொண்டிருக்கிறது, என்றேன்.